மைக் செட்டுக்குப் போன பேட்டரி

காலைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க்கா. சாக்குக்குள்ள இருக்கறது பேட்டரி. பயப்படாதீங்க, செத்த பேட்டரிதான், ஒண்ணும் பண்ணாது. ஆனா பஸ்ஸு குலுங்கி ஆசிட் சிந்துச்சுன்னா சேலையில ஓட்டை விழுந்துரும். அப்புறம் என்னையத் திட்டக் கூடாது. சொல்லிட்டேன்.

கண்டக்டர் பேசினதைக் கேட்டீங்களா? "லக்கேஜ் டிக்கெட்டு எடு அம்முணி"ன்னாரு. எடுத்தேன். எடுத்ததுக்கப்புறம் "வழியில வெக்காத, மடியில வெச்சுக்கோ"ங்கறாரு. இருவத்தெட்டுக் கிலோ. அவரு மடியில ஒரு ஸ்டாப்பு வெச்சுப் பாக்கட்டும், அப்புறம் நான் வெச்சுக்கறேன்.

பாப்பா, சுரண்டாத. சாணியும் சேறும். உங்க மகளுங்களா? எத்தனாவது? மூணாவதா. சரி, சும்மா வர்றதுக்குச் சுரண்டிட்டு வரட்டும். ஆனா பக்கவாட்டுல மட்டும், மேல இருக்கற மூடியைத் தொடக் கூடாது. கேட்டுச்சா?

தாராபுரத்துக்குத்தான். பேட்டரிக் கடைக்கு. இதைக் கொன்னது எங்க ஊரு மைக் செட்டுதான்னு கடைக்காரன் வாயால சொல்ல வெக்கோணும். சொல்லிட்டான்னா எங்க கோயில் நோம்பிக் கமிட்டி புதுப் பேட்டரி வாங்கித் தரோணும். சொல்லலைன்னா வர்ற புதன்கிழமை மறுபூசை அன்னிக்கு நான் மைக்கைப் புடிச்சு ஊருகிட்ட மன்னிப்புக் கேக்கோணும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். பதினொண்ணாவது வரைக்கும் படிச்சது அதுக்காச்சும் ஆச்சு.

பேரு மிருதுளா. எல்லாரும் சிரிப்பாங்க, நீங்களும் சிரிச்சுக்கங்க. வயசு பதினேழு. படிப்பை நிறுத்திட்டேன். ஏன்னு கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன், இல்லைன்னா தாராபுரம் வரைக்கும் அதையேதான் கேப்பீங்க.

எங்களுக்கு மூலனூர்ப் பக்கம் பதினோரு ஏக்கர் கொறங்காடு. கொறங்காடுன்னா உழுது வெதைக்கற காடு இல்லீங்க. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். மாட்டை உள்ள விட்டு வேலியை மூடிட்டா அதுபாட்டுக்கு மேயும். மேய்ச்சலுக்குக் கொறையில்லை. கொறை எல்லாம் தண்ணிக்குத்தான். பதினோரு மாடு, முப்பது ஆடு. கிணத்துல தண்ணி அறுவது அடிக்குக் கீழ. கரண்டுக்கு எழுதிப் போட்டிருக்குது, வரும்போது வரும். காட்டைச் சுத்தி கம்பெனிக் காத்தாடி நாப்பது நிக்குது, ஒவ்வொண்ணும் கோயில் கோபுரத்தை விட ஒசரம். அது சுத்தற கரண்டு எங்கெங்கயோ போகுது. எங்க காட்டுக்கு ஒரு ஒயரு வரலை. நிழலு மட்டும் வருது. மாடு அந்த நிழலைப் பாத்து மெரண்டு ஓடுது.

எங்க பெரியப்பா பேரு தெய்வசிகாமணி. அப்பாவுக்கு அண்ணன். அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனி, ஞாயித்துக்கெழமை வந்து தூங்கிட்டுப் போவாரு. காடு மாடெல்லாம் பெரியப்பாவும் அம்மாவும் நானும்தான். பெரியப்பா கெட்டவரு இல்லீங்க. ஆனா யாராச்சும் நாலு பேரு முன்னாடி "உங்களை விட்டா யாருங்க"ன்னு சொல்லிட்டா, கட்டியிருக்கற வேட்டியையே அவுத்துக் குடுத்துட்டு வந்துருவாரு.

அவரு கோயமுத்தூர்ல விவசாயக் கண்காட்சிக்குப் போனாரு. போனவரு சின்னக் காத்தாடி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு. காத்தடிச்சா சுத்தும், சுத்தினா கரண்டு, கரண்டுல மோட்டார் ஓடித் தொட்டி நெறையும். "காத்துக்கு எவனும் பில்லுப் போட முடியாது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நல்லாத்தான் ஓடுச்சு. ஆனியில மாட்டினது, ஆடி ஆவணியில தொட்டி வழிஞ்சுது, குருவியெல்லாம் வந்து குளிச்சுது. அந்தச் சந்தோசத்துல என்ன பண்ணினாரு தெரியுங்களா? பழைய ஆயில் எஞ்சினை வித்துட்டாரு. "இனி அது எதுக்கு?"ன்னாரு.

எங்க பக்கம் மாசி பங்குனியில காத்து நின்னு போயிரும்ங்க்கா. நெருப்பு மாதிரி வெயிலு, ஒரு இலை ஆடாது. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா கொஞ்சம் வீசினா உண்டு. இது எங்க ஊர்ல கைக்கொழந்தைக்குத் தெரியும். அம்பத்தேழு வருசமா அதே காட்டுல இருக்கற பெரியப்பாவுக்கு மட்டும் தெரியலை. வைகாசி பொறந்தாத்தான் மறுபடி காத்து. நடுவுல மூணு மாசம் மாடு என்னத்தைக் குடிக்கும்? அண்ணாந்து காத்தாடியைப் பாக்குமா?

நான்தான் எறைச்சேன். கிணத்து ராட்டுல கயிறு போட்டு, நாளைக்கு அம்பத்தஞ்சு வாளி. அம்மா பாதி, நான் பாதி. அப்பப் பாத்துப் பதினொண்ணாவது பரீட்சை. பரீட்சை முடியட்டும்னு மாடு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குமா? மொதப் பரீட்சைக்குப் போகலை. அப்புறம் ரெண்டாவதுக்கு மட்டும் எதுக்குப் போறது? அவ்வளவுதான். நானாத்தான் நின்னேன், யாரும் நிறுத்தலை. பாவம்னு சொல்லாதீங்க, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அங்க என்னத்தைச் சொல்லிக் குடுத்தாங்க? கெமிஸ்ட்ரி மிஸ்ஸு போர்டு நெறைய எழுதிப் போடும். ஆசிட்டுங்கும், உப்புங்கும், இதோட அது சேந்தா அதுங்கும். நான் ஜன்னல்ல காத்தாடி சுத்துதான்னு பாத்துட்டு இருப்பேன். உருப்படியா ஒரு மோட்டாரைப் பத்தி, ஒரு பேட்டரியைப் பத்திச் சொல்லிருந்தா நான் ஏனுங்க நிக்கறேன்?

பாப்பா, நகத்துக்குள்ள போகுது பாரு. இந்தா, இந்தப் பின்னு வெச்சுச் சுரண்டு. குத்திக்காத.

அப்புறம்தான் பெரியப்பாவுக்குப் புத்தி வந்து, போன ஆடியில இந்தப் பேட்டரியை வாங்கினாரு. காத்து அடிக்கறப்ப இது நெறையும், காத்து நின்னா இது மோட்டாரை ஓட்டும். ஒருக்கா நெறைஞ்சுதுன்னா ரெண்டு நாளுக்குத் தொட்டிக்குக் கவலையில்லை. அதுக்குள்ள கொஞ்சமாச்சும் காத்து வந்துரும். வாங்கிட்டு வந்த அன்னிக்கே சொல்லிட்டேன், "பெரியப்பா, இது என்ற பொறுப்பு, நீங்க கிட்ட வராதீங்க"ன்னு. அவரை நம்பி விட முடியுங்களா? மாட்டுக்குப் போட வேண்டிய ஊசியை எங்க வெச்சோம்னு மூணு நாள் தேடினவரு.

நான் எப்படிப் பாத்துக்கிட்டேன் தெரியுங்களா? மாசம் ஒண்ணாந்தேதி ஆறு மூடியையும் கழட்டுவேன். உள்ள தண்ணி வத்தியிருக்கும். தொட்டியில ஒரு சொம்பு மொண்டு, வெள்ளைத் துணியில வடிகட்டி, ஆறு குழியிலயும் நெறைய ஊத்தி மூடிருவேன். வடிகட்டி ஊத்தினேன், கேட்டுக்கங்க. மாட்டுக்குக் கூட நாங்க வடிகட்டறதில்லை. எங்க தண்ணி உப்புத் தண்ணிதான், தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்கும், அதைத் தேங்காநாரு போட்டுத் தேச்சுக் கழுவறதும் நான்தான். பேட்டரி தலையில பச்சையா ஒண்ணு பூக்கும், அதையும் ஓஸ் புடிச்சுக் கழுவிருவேன். அந்தப் பேட்டரியை நான் பாத்துக்கிட்ட மாதிரி எங்கம்மா என்னையப் பாத்துக்கலை.

இந்த வருசம் மாசியில மோட்டார் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடுச்சு. சருகு அடைச்சிருக்கும்னு மேல தூக்கி ரெண்டு தடவை கழுவி விட்டேன். மத்தபடி ஒரு கொறையும் இல்லை. பங்குனியில நோம்பி வந்துச்சு. கெட்டுது.

நீங்க எந்த ஊரு? மதுரைப் பக்கமா? அப்ப உங்களுக்குக் கம்பம்னா தெரியாது. எங்க பக்கம் மாரியம்மன் நோம்பின்னா, அதான் திருவிழான்னா, மூணு கவை இருக்கற மரக்கம்பத்தைக் கொண்டாந்து கோயில் முன்னாடி நடுவாங்க. அதுக்கு மஞ்சப் பூசி வேப்பிலை கட்டி, பதினஞ்சு நாளைக்கு வெடியால வெடியால பொம்பளைங்க குடம் குடமாத் தண்ணி ஊத்துவாங்க. பொழுதோட, இருட்டினதும், பசங்க கம்பத்தைச் சுத்தி ஆடுவாங்க. நல்லாத்தான் இருக்கும், நான் இல்லைங்கலை. போன வருசம் வரைக்கும் நானும் ஊத்தினவதான்.

பன்னண்டாம் நாளு ஊரு டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சு. ஊரே இருட்டு. மைக் செட்டுக்காரன் ஒருத்தன், குணசீலன்னு பேரு, அவன் ஜெனரேட்டரை வேற ஊரு நோம்பிக்கு அனுப்பிட்டு இங்க வந்து கையைப் பெசையறான். கமிட்டி கூடி, மைக் இல்லாம நோம்பி எப்படி நடக்கும்னு கவலைப்படுது. அதே டிரான்ஸ்பார்மர்லதான் ஊரு டேங்க் மோட்டாரும் ஓடுது, குடிக்கற தண்ணிக்கு என்ன பண்றதுன்னு ஒருத்தரும் கவலைப்படலை. மைக் எப்படி ஓடும்? அதான் கவலை. அங்க யாரோ "தெய்வசிகாமணியண்ணன் கிட்டப் பேட்டரி இருக்குதுங்க, அவரை விட்டா யாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். முடிஞ்சுது.

வெடியால வண்டியை எடுத்துட்டு வந்தாரு.

"ஒரே நாளு அம்முணி. அம்மன் காரியம்."

"காத்து நின்னு மூணு நாளாச்சு பெரியப்பா. தொட்டியில ஒரு சாண் தண்ணி இருக்குது. செவலை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

செவலைன்னா எங்க கெடேரி. தலைச்சன் சினை. நான் கையில புல்லுக் குடுத்து வளத்தது.

"அம்மனுக்குக் குடுத்தா அம்மன் காத்தைக் குடுக்க மாட்டாளா?"

"குடுக்கட்டும். காத்து வந்ததும் பேட்டரியை எடுத்துட்டுப் போங்க."

"பெரியவங்க பேசறப்ப நறுக்குன்னு பேசாத புள்ளை."

அவரு பாட்டுக்கு ஒயரைக் கழட்டி, தூக்கி வண்டியில வெச்சுட்டுப் போயிட்டாரு. அம்மாவும் மாவிளக்குக்கு மாவு இடிக்கோணும்னு பின்னாலயே போயிருச்சு. நானும் மாடுகளும் மிச்சம்.

ராட்டைத் தேடி எடுத்துக் கயித்தை மாட்டினேன். எறைக்க ஆரம்பிச்சேன். அப்பப் பாத்து மைக் ஆரம்பிச்சுது. ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கோயிலு, காத்து இல்லாததால சத்தம் சுத்தமாக் கேக்குது. "ஒலிபெருக்கிக்குப் பேட்டரி உபயம், சின்னாக்காட்டுத் தோட்டம் தெய்வசிகாமணி அவர்கள். அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அம்மன் அருள் கிடைக்க வேண்டுகிறோம்." அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா. அக்கா, நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க. அந்த மைக் ஓடறதே அந்தப் பேட்டரியில. அந்த மைக்குல முக்கால்வாசி நேரம் அந்தப் பேட்டரி குடுத்தவரு பேரு. பேட்டரியைக் குடுக்காம இருந்திருந்தா அந்தப் பேரைச் சொல்ல வேண்டியதும் இல்லை, மைக்கும் வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கு அருளாம். குடும்பத்தாரு இங்க கிணத்தோரமா நின்னு கயித்தை இழுத்துட்டு இருக்கேன். கிணத்துக்குள்ள இருந்து வாளி வர்றதுக்கு முன்னாடி "தெய்வசிகாமணி அவர்கள்"னு எதிரொலி வருது.

ஒரே நாளுன்னாரு. மறுநாளும் வரலை. வெடியால ஆறு மணிக்குப் போனு போட்டேன். "இன்னும் ஒரே ஒரு நாளு, டிரான்ஸ்பார்மர் வந்துரும்"னாரு. எட்டு வாளி எறைச்சேன், ஒம்பதாவது வாளிக்குக் கயிறு அறுந்துருச்சு. போன வருசத்துக் கயிறு, எலி கடிச்சிருக்கும்போல. வாளியோட கிணத்துக்குள்ள போயிருச்சு. தொட்டி காலி. மாடெல்லாம் தொட்டியைச் சுத்தி நிக்குது. கத்தலை. கத்தினாப் பரவாயில்லைங்க்கா. சும்மா நின்னு என்னையப் பாக்குது. செவலை மட்டும் நிக்கலை, வெள்வேல மரத்தடியில படுத்துருச்சு. மூக்கைத் தொட்டேன். காஞ்ச ரொட்டி மாதிரி இருந்துச்சு.

சைக்கிள்ல ரெண்டு கேனைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போனேன். டேங்க்குல கொழாயில சொட்டுச் சொட்டா வருது. மோட்டார் ஓடலையே, மேல இருந்த பழைய தண்ணிதான். கொழாய் முன்னாடி பொம்பளைங்க குடத்தோட வரிசையில நிக்கறாங்க, கம்பத்துக்கு ஊத்தறதுக்கு. ராக்கியப்பன்னு கமிட்டித் தலைவரு, அவருதான் கொழாய்கிட்ட நின்னு முறை பாக்கறாரு.

"ரெண்டு கேன் குடுங்க மாமா. சினை மாடு படுத்துருச்சு"ன்னேன்.

"கம்பத்துக்கு ஊத்தி முடிச்சு மிச்சம் இருந்தாப் புடிச்சுக்கோ அம்முணி. ஒண்ணும் ஆகாது. மாடு நாலு நாளு தாங்கும்."

மாடு நாலு நாளு தாங்குமாம். அவரு ரெண்டு காப்பி இல்லாம பத்து மணி தாண்ட மாட்டாரு.

கேனை அங்கயே எறக்கி வெச்சேன். நேரா கோயிலுக்குப் போனேன். கம்பத்தடி பூராச் சேறு, தண்ணி ஓடிச் சாக்கடையில விழுது. குணசீலன் மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். அவன் காலடியில என்ற பேட்டரி, மேல ஒரு மாலை வேற. பேட்டரிக்கு மாலை போட்டிருக்காங்க்கா!

ஊரே நிக்குது. நான் சத்தமாத்தான் கேட்டேன். "கட்டைக்கு ஊத்தற தண்ணியில பாதி ஊத்தினா என்ற மாடு பொழைக்கும்"னு.

கட்டைன்னு சொல்லிட்டேன். கம்பத்தைப் போய்க் கட்டைங்கலாமா? கூடாது. எனக்குத் தெரியும். வாயில வந்துருச்சு. பொய் சொல்ல மாட்டேன், வந்ததும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கறாங்க. குணசீலன் அதைக் கவனிக்காம அவன் பாட்டுக்கு "ஒலிபெருக்கிக்குப் பேட்டரி உபயம், சின்னாக்காட்டுத் தோட்டம் தெய்வசிகா"ங்கறான். குனிஞ்சேன். ஒயரைப் புடுங்கினேன். "மணி" வரலை. வாய் மட்டும் அசையுது.

மாலையோட தூக்கிட்டு வந்து சைக்கிள் கேரியர்ல வெச்சுட்டேன். ஒருத்தரும் தடுக்கலை. இருவத்தெட்டுக் கிலோவை ஒருத்தி தூக்கிட்டு நடந்தா வழி விடத்தான் செய்வாங்க.

வீட்டுக்கு வந்து மோட்டார்ல மாட்டினேன். ஓடுச்சு. ஏழு நிமிசம். தொட்டியில கணுக்கால் அளவு தண்ணி. அப்புறம் மொணங்கி மொணங்கி நின்னு போச்சு. இருந்த தண்ணியில மொதல்ல செவலைக்கு மொண்டு வாயில காட்டினேன். குடிச்சுது. எந்திரிச்சுது. இப்பவும் இருக்குது, கண்ணு இன்னும் போடலை, இன்னைக்கோ நாளைக்கோ. அம்மாவைப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

அரை மணி கழிச்சுப் பெரியப்பா வந்தாரு. கையில புதுக் கயிறு, புது வாளி. எங்க போய் வாங்கினாரோ. சட்டையைக் கழட்டி வேலி மேல போட்டாரு, எறைக்க ஆரம்பிச்சாரு. நான் கயித்தைப் புடிக்கப் போனா கையைத் தட்டி விடறாரு. மத்தியானம் வரைக்கும் நிறுத்தலை. உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு போச்சு, துண்டைச் சுத்திக்கிட்டு எறைச்சாரு. தொட்டி வழிஞ்சுது. அப்புறம் சட்டையை எடுத்துத் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு. "தப்புப் பண்ணிட்டேன் சாமி"ன்னு ஒரு வார்த்தை? இல்லை. எங்க ஊர்ல தப்புன்னாத் தப்புன்னு ஒத்துக்கறதுக்கு ஒரு ஆளு கெடையாதுங்க்கா. தேடிப் பாத்தாலும் கெடைக்காது.

நோம்பி முடிஞ்ச மறுநாள் கமிட்டி கூப்பிட்டு விட்டுச்சு. ராக்கியப்பன் மாமா ஆரம்பிக்கறாரு. "சாமி கம்பத்தைக் கட்டைன்ன. ஓடிட்டு இருந்த மைக் ஒயரைப் புடுங்குன. மறுபூசை அன்னிக்கு மைக்குல மன்னிப்புக் கேட்டுரு, முடிஞ்சுது."

"மொதல்ல பேட்டரிக்கு யாரு மன்னிப்புக் கேக்கறது?"ன்னேன். "நல்லா இருந்த பேட்டரி. ஒண்ணரை நாளு மைக்குல போட்டு உறிஞ்சி எடுத்துட்டீங்க. இப்ப ஏழு நிமிசம் ஓடுது."

குணசீலன் துள்ளிட்டான். "ஏனுங்க, பேட்டரின்னா எறங்கும், மறுபடி ஏத்தினா ஏறும். மைக் செட்டு பேட்டரியைத் திங்குங்களா? எனக்கு மொத நாள் மத்தியானமே மக்கர் பண்ணுச்சு, ரெண்டு தடவை ஒயரை மாத்தி மாத்தி மாட்டி ஓட்டினேன். அதுல ஏற்கனவே என்னமோ கோளாறு."

பாத்தீங்களா? கொன்னுட்டு, பொறக்கறப்பவே சீக்குங்கறான்.

ரெண்டு நாள் கழிச்சுப் பொழுதோட கொஞ்சம் காத்து அடிச்சுது. பேட்டரி நெறைஞ்சதா மீட்டர் காட்டுச்சு. குணசீலன் சொன்ன மாதிரி ஏத்தியும் பாத்துட்டேன்ல? மோட்டாரைப் போட்டேன். ஒம்பது நிமிசம். செத்துருச்சு, அவ்வளவுதான். நேரா ராக்கியப்பன் மாமா வீட்டுக்குப் போனேன். "கடைக்காரன் கிட்டக் காட்டறேன். அவன் சொல்றதுதான் தீர்ப்பு. மைக்காலதான் போச்சுன்னா புதுசு வாங்கித் தாங்க. இல்லைன்னா நான் மைக்குல வந்து எல்லாத்துக்கும் சேத்துச் சொல்றேன்"னேன். "எழுதிக் குடு"ன்னாரு. எழுதிக் குடுத்தேன். அவரும் கையெழுத்துப் போட்டாரு. பின்னாலயே வந்த எங்க பெரியப்பா கதவோரமா நின்னு கையில கட்டுப் போட்ட துணியை அவுத்து அவுத்துக் கட்டிட்டு இருந்தாரு. இன்னைக்கு வெடியால கெளம்பறப்ப வந்து, "நான் கொண்டுட்டுப் போறேன், குடு புள்ளை"ன்னாரு. குடுக்கலை. வழியில யாராச்சும் "உங்களை விட்டா யாருங்க"ன்னு சொன்னா இதை அங்கயே எறக்கி வெச்சுட்டு வந்துருவாரு.

புதுப் பேட்டரி கெடைக்கலைன்னா வைகாசி வரைக்கும் கயிறுதாங்க. இன்னும் ஒண்ணரை மாசம். செவலை கண்ணுப் போட்டா அதுக்கு மட்டும் நாளைக்கு ஆறு வாளி. எனக்கு மைக்கு, மன்னிப்பு, மானம் எல்லாம் பெருசில்லை. பேட்டரி வேணும்.

என்ன பாப்பா? எழுத்து வருதா? சாணியை எடுத்துட்டியா? பரவாயில்லையே. கடைக்காரன் ஒட்டின சீட்டு அது, வாங்கினப்பவே ஒட்டியிருந்துச்சு. கம்பெனிப் பேரு, போன் நம்பரு எழுதியிருக்கும். படி பாக்கலாம், உங்கம்மா கேக்கட்டும்.

எச். எச்ச. எச்சரிக்கை. ம், நல்லாப் படிக்கற. அப்புறம்?

டிஸ். டிஸ்டில்டு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவும்.

மட்டுமா?

கிணற்று நீர், குழாய் நீர்.

தள்ளு. தள்ளு பாப்பா, நான் பாக்கறேன்.

டிஸ்டில்டுன்னா என்னங்க்கா? ஓ. காய்ச்சி, ஆவியைப் புடிச்சு எறக்கினதா. உப்பு கிப்பு ஒண்ணும் இல்லாதது. வேற தண்ணி ஊத்தினா? உள்ள இருக்கற தகடெல்லாம் கெட்டுப் போயிருமா.

ம்.

நான் வடிகட்டித்தான் ஊத்தினேன்.

துணியில உப்பு நிக்காதில்ல. ஆமா. நின்னிருந்தாத் தொட்டி ஏன் பூக்குது.

எட்டு மாசம். எட்டு ஒண்ணாந்தேதி. ஆறு குழி. ஒண்ணு விடாம ஊத்தினேன்.

இதைப் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் சொல்லலைங்க்கா. சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேன். சொல்லுச்சோ என்னவோ. சொன்ன அன்னிக்கு நான் ஜன்னலைப் பாத்துட்டு இருந்தேனோ என்னவோ. இல்லை, அது வர்ற பாடம் நான் எறைச்சுட்டு இருந்த பங்குனியில இருந்துச்சோ என்னவோ. இப்ப எதுக்கு அது?

என்ன பாக்கறீங்க? மறுபடியும் சேத்தைப் பூசி எழுத்தை மறைச்சுட்டுப் போவாளான்னு பாக்கறீங்களா? ஒரு நிமிசம் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல, நெனச்சேன். உள்ள இருக்கற தண்ணியை ரோட்டோரமா ஊத்திட்டுக் கடையில போய் ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கலாமான்னு கூட நெனச்சேன். குணசீலன் செஞ்சிருப்பான். ராக்கியப்பன் மாமா கண்டிப்பாச் செஞ்சிருப்பாரு.

அந்தக் குணசீலன். மத்தியானமே மக்கர்னு சொன்னான். அவன் சொன்னது நெசமா இருக்குது பாருங்க, அதுதாங்க எனக்குத் தாங்க முடியலை. அவன் மூஞ்சியைப் பாக்கோணும் புதன்கிழமை.

தாராபுரம் வந்துருச்சு. ஒரு பக்கம் புடிங்க்கா, படி வரைக்கும். பாத்து, சாய்க்காதீங்க. இல்லீங்க, திரும்பிப் போகலை. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்துட்டு மறுபடி லக்கேஜ் டிக்கெட்டு எடுக்கறதா? கடைக்குத்தான் போறேன். போய் "நான்தான் கிணத்துத் தண்ணி ஊத்தினேன், இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா"ன்னு கேக்கறேன். இல்லைம்பான். அப்புறம் அந்தத் தண்ணி எங்க விக்குதுன்னு கேட்டுட்டுப் போறேன். அடுத்த பேட்டரி எப்ப வருதோ, அதுக்காச்சும் ஆகட்டும்.

பாப்பா, அந்தப் பின்னை நீயே வெச்சுக்கோ.

புதன்கிழமை மைக்குல சொல்லிர்றேங்க்கா. எழுதிக் குடுத்தாச்சு. கட்டைன்னு சொன்னது தப்பு, உப்புத் தண்ணி ஊத்தினது தப்பு, எல்லாம் சொல்றேன். ஆனா ஒண்ணு. கரண்டு இருந்தாச் சரி. அன்னைக்கும் இல்லைன்னா, மைக்குக்குப் பேட்டரி அவங்களே கொண்டு வரட்டும்.